ஐஸ்கிறீம் கடையில் நாங்கள் கேட்ட கேள்விகள்

நான் படித்த பட்டத்தை ஊருக்கு விளங்கப்படுத்துவதில் அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் கல்லூரியும் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய பொருளியல் பட்டம் அது. முதல் இரண்டு வருடம் இங்கே, மூன்றாம் வருடம் அங்கே, முடிவில் இரண்டு இடத்து முத்திரையும் பதித்த ஒரே சான்றிதழ். அரியாலையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அப்ப பாதிதான் எங்கடை படிப்போ?" என்று கேட்டார்.

"இல்லை, முழுப் படிப்பு. ஆனா ரண்டு இடத்திலை," என்றார் அம்மா.

"அப்ப ரண்டு பட்டமோ?"

"இல்லை, ஒண்டுதான்."

மாமி மதிலில் முழங்கையை ஊன்றினார். "பெயிலானா எந்த நாட்டிலை பெயில்?"

 நான் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நிறுத்த முதலே அதே கேள்வியை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வருடத்தில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யவேண்டிய ஓர் ஆய்வு வந்தது. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று சோடி சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாட்டிலும் விற்கிற ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதை ஆட்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று எழுதவேண்டும். பிறகு அங்கிருந்து பிள்ளைகள் வந்து சில கிழமை எங்களுடன் தங்கி, ஆட்களைச் சந்தித்துக் கேள்விகள் கேட்கவேண்டும். எங்கள் விரிவுரையாளர் கணினித் திரையில் ஒரு தலையைக் காட்டி, "இதுதான் உம்மடை சோடி," என்றார். வட்ட முகம், வைக்கோல் நிறத் தலைமயிர், கையில் பெரிய கோப்பை. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அவளுக்கு அதுவே பெயர். அவள் வருவதற்கு நாலு மாதம் முன்பே அம்மா, "சோடி சோறு தின்னுமோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

என்ன பொருளை எடுப்பது என்பதில் ஒரு மாதம் போனது. நான் வெங்காயம் என்றேன். வலிகாமத்து வெங்காயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு, தங்கள் நாட்டில் வெங்காயத்தைப் பற்றி யாரும் இவ்வளவு உணர்ச்சிவசப்படுவதில்லை என்றாள். அவள் காளான் என்றாள். எங்கள் வீட்டில் காளான் என்பது மழைக்குப் பிறகு வேலியோரத்தில் கண்டு, "தொடாதை," என்று கத்துகிற பொருள். இப்படி இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், தை மாதம், அவளுடைய யன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெரிய பெட்டிக்குள் கரண்டியை விட்டு எதையோ தோண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"ஐஸ்கிறீம்."

"இந்தக் குளிருக்கா?"

"நீ இந்த வெயிலுக்குள் இருந்து சுடச்சுடத் தேநீர் குடிக்கிறாயே," என்றாள். என் கையில் உண்மையாகவே தேத்தண்ணி இருந்தது.

அப்படித்தான் ஐஸ்கிறீம் எங்கள் ஆய்வுப் பொருளானது. "நீங்கள் பொருளியல் படிக்க வந்தனீங்களோ, ஐஸ்கிறீம் குடிக்க வந்தனீங்களோ?" என்று எங்கள் விரிவுரையாளர் கேட்டார். ஆனாலும் சம்மதித்தார்.

கேள்விகளைச் சோடி ஆங்கிலத்தில் எழுதி, போனில் இருந்த ஒரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழாக்கி அனுப்பினாள். முதலாவது கேள்வி: "தாங்கள் பனிக்கூழ் உண்ணும் அதிர்வெண் யாது?" மருந்துக் கடையில் வேலை செய்கிற அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். "இது பௌதிகப் பாடமெல்லோ," என்றார். நான் அதை, "எத்தினை நாளைக்கு ஒருக்கா ஐஸ்கிறீம் குடிப்பியள்?" என்று மாற்றினேன். சோடி அதைத் திரும்பக் கருவியில் போட்டுப் பார்த்துக் குழம்பிவிட்டாள். ஏன் குடிக்கிறீர்கள்? உருகின பிறகா? வெயில் காரணமா? நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், ஆனால் கரண்டியால்தான் சாப்பிடுவோம் என்று நம்பவைக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது.

வைகாசி வெயிலில் அவள் வந்து இறங்கினாள். அப்பாவைவிட உயரம். முதல் நாளே அவள் படித்துக்கொண்ட சொல் 'ஓம்'. அந்தச் சொல்லின் ஓசை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அம்மா, "இன்னும் ஒரு துண்டுப் பிட்டு வைக்கட்டோ?" என்பார். "ஓம்." "சம்பல்?" "ஓம்." "மீன் பொரியல்?" "ஓம்." இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காலை அவள் கட்டிலிலிருந்து எழும்பமுடியாமல் கிடந்தபோது, போதும் என்பதற்கு 'காணும்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தால் மட்டும் காது கேட்காது.

நல்லூர்ப் பக்கம் ஓர் ஐஸ்கிறீம் கடையில் முதலாளியிடம் அனுமதி வாங்கினோம். மூலையில் ஒரு மேசை தந்தார். வருகிறவர்களில் விருப்பமானவர்களைத் தானே எங்களிடம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பின்லாந்து விரிவுரையாளர் எங்களுக்கு விதிகள் அனுப்பியிருந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்கவேண்டும். பதிலைக் கேட்டு முகத்தில் எதையும் காட்டக்கூடாது. அவர்கள் ஏதாவது கேட்டால் மரியாதையாக, சுருக்கமாக, உண்மையைச் சொல்லவேண்டும். நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, சோடி தாளில் குறிப்பாள். முதல் கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை, கோயில் நாள். சோடிக்குச் சாறி கட்டிப் பார்க்க ஆசை. அவளுக்குக் கட்டிவிட அம்மாவுக்கு அதைவிட ஆசை. அவளுக்கு மட்டும் கட்டினால் கடையில் எல்லாரும் அவளையே பார்ப்பார்கள், ஆய்வு கெட்டுவிடும் என்று சொன்னேன். எனக்கும் கட்டிவிட்டு அம்மா அந்தப் பிரச்சினையைத் தீர்த்தார். எனக்குக் கிளிப்பச்சை, அவளுக்கு மாம்பழ மஞ்சள். இரண்டு தலையிலும் மல்லிகைச்சரம். பஸ்ஸில் எங்களுக்கு இருக்க இடம் கொடுத்தார்கள்.

கோயில் பூசை முடிந்து ஆட்கள் கடைக்குள் வரத் தொடங்கிய நேரம், ஒரு குடும்பம் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. பட்டுச் சாறியில் ஓர் அம்மா, மெலிந்த ஓர் ஐயா, நன்றாக அயன் பண்ணின சட்டையோடு ஓர் இளைஞன். அந்த அம்மாவின் கண் எங்கள் மேசையில் நின்றது. நேரே வந்தார்.

"பிள்ளை, குறை நினையாதையும். வல்வெட்டித்துறையிலையிருந்து வாறம். வழியிலை வான் பழுதாகி நிண்டிட்டுது," என்றார்.

முதலாளி அனுப்பிய ஆட்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நல்ல மனிதர்கள் என்று சந்தோசப்பட்டேன். "பரவாயில்லை அன்ரி, இருங்கோ. கன நேரம் எடுக்காது."

"கன நேரம் எடுக்காதாம்," என்று கணவரிடம் சொல்லிக்கொண்டு அவர் கதிரையில் இருந்தார்.

ஐஸ்கிறீம் வந்தது. "தொடங்கட்டோ அன்ரி?" என்று கேட்டேன்.

"நீரோ தொடங்கப்போறீர்?"

"ஓம். நான் கேப்பன், இவ எழுதுவா. முதலாவது, வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறியள்?"

"இப்ப மூண்டு பேர்தான். மூத்தவ லண்டனிலை. அவவின்ரை அலுவல் எல்லாம் முடிஞ்சுது. இவர்தான் மிச்சம்." மகனைக் காட்டினார். சோடி மூன்று என்று குறித்தாள்.

"வீட்டிலை என்ன வாங்கிறதெண்டு ஆர் தீர்மானிக்கிறது?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளையள் தெளிவுதான். உதைக் கேக்க எனக்குப் பத்து வருசம் எடுத்தது."

"அவதான் தீர்மானிக்கிறது," என்றார் ஐயா, ஐஸ்கிறீமிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இண்டைக்கு என்ன காரணத்துக்காக இஞ்சை வந்தனீங்கள்?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறீர் பிள்ளை."

"தெரிஞ்சாலும் கேக்கத்தான் வேணும் அன்ரி. நீங்கள் சொல்லுறதைத்தான் நாங்கள் எழுதலாம்."

இளைஞன் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் மெல்லக் குலுங்கின. அவனுக்கு ஐஸ்கிறீம் புரையேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்திவைத்தேன்.

"நல்ல காரியமாத்தான் வந்தனாங்கள். அப்பிடியே எழுதுங்கோ," என்றார் அந்த அம்மா. சோடி 'விசேட நிகழ்வு' என்ற பெட்டியில் சரி போட்டாள்.

விதிப்படி ஒரு கேள்வி இளவயதுக்காரரிடம் கேட்கவேண்டும். அவனிடம் திரும்பி, "எப்பவாவது தனியா வந்து ஐஸ்கிறீம் குடிச்சிருக்கிறியளோ?" என்றேன்.

"இல்லை," என்றான். "தனியா வந்து இருந்தா ஆரையோ பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு சனம் கதைக்கும். ஐஸ்கிறீமுக்காக வந்தனான் எண்டா ஒருத்தரும் நம்பாயினம்."

ஒரு கிழமையாக நாங்கள் தேடியது இந்தப் பதிலைத்தான். முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்ற விதியை நான் மீறிவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அம்மா என்னைப் பார்த்து, பிறகு மகனைப் பார்த்து, திருப்தியாக மூச்சு விட்டார்.

"பிள்ளை, நானும் ஒண்டு ரண்டு கேக்கலாமோ? என்ன படிக்கிறீர்?"

"பொருளியல், அன்ரி. ரண்டு வருசம் இஞ்சை, ஒரு வருசம் பின்லாந்திலை."

"தரகர் உதைச் சொல்லேல்லையே," என்றார் கணவரிடம். முதலாளி தரகர் வைத்தா எங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிறார் என்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

"சமைப்பீரோ?"

உண்மையைச் சொல்லவேண்டும். "அம்மா நிண்டா சமைக்கமாட்டன்."

"நல்லது," என்றார் ஐயா.

"அப்ப இந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஆர்?"

"இவ என்ரை சோடி, அன்ரி."

 ஐயாவின் கரண்டி வாய்க்குப் பக்கத்தில் நின்றது. விளக்கம் போதவில்லை என்று நினைத்து, "பின்லாந்துப் பிள்ளை. எங்கடை வீட்டிலைதான் இருக்கிறா. அம்மாவுக்கு இவவிலை நல்ல விருப்பம்," என்றேன். சோடி என்பது தன்னுடைய பெயர் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து, அழகாகச் சிரித்து, "ஓம்," என்றாள்.

இளைஞன் சத்தமாகச் சிரித்தே விட்டான். அதே நேரம் கடை வாசலில் வேறொரு அம்மாவும் மகளும் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்கள். மகள் சாதாரணமான ஒரு நீலப் பஞ்சாபிச் சுடிதார் போட்டிருந்தாள், கையில் ஹெல்மெற். அவர்களுடைய ஸ்கூட்டி வழியில் காற்றுப் போய், பஞ்சர் கடை தேடி ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு சாறிக்காரப் பெண்களோடு இருந்து ஐஸ்கிறீம் குடிப்பதைக் கண்டு அந்தத் தாயின் முகம் போன போக்கை என்னால் விபரிக்கமுடியாது. முதலாளி ஓடிவந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். கடைசியில் அவர்தான் இது பெண் பார்க்கும் மேசை இல்லை, ஆராய்ச்சி மேசை என்று எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சோடிக்கு நான் காதுக்குள் சொன்னதும், அவள் தாள்களைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "இவர்களிடம் மன்னிப்புக் கேள், உடனே," என்றாள். கேட்டேன்.

வல்வெட்டித்துறை அம்மா என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "எனக்குத்தான் போனிலை வடிவா விளங்கேல்லை, நீ போட்டோ பாத்தனியெல்லோ? இவ அவ இல்லையெண்டு தெரியாதோ?"

"வந்து இருந்த உடனையே தெரியும்."

"பின்னை ஏன்ரா சொல்லேல்லை?"

"கேள்வியள் நல்லா இருந்தது அம்மா."

நீலப் பஞ்சாபிக்காரி இவ்வளவு நேரமும் நின்றபடி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை என்று பிறகு தெரிந்தது. ஹெல்மெற்றை மேசையில் வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த தாளை எடுத்துப் பொறுமையாக வாசித்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"மிச்சக் கேள்வியளைக் கேளுங்கோ," என்றாள் என்னிடம். "நான் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.  நான் தாளை அவளிடமிருந்து திரும்ப வாங்கினேன். கேட்டேன். "ஐஸ்கிறீம் வாங்கேக்கை உங்கடை விருப்பத்துக்கு வாங்குவியளோ, இல்லாட்டி மற்ற ஆக்கள் சொல்லுறதையோ?"

"அம்மா ஓடர் பண்ணுறதைத்தான்," என்றான் அவன். "எனக்கு ஐஸ்கிறீம் குடிச்சாப் பல்லுக் கூசும்."

"எப்ப தொடக்கம்?" என்றார் அவனுடைய அம்மா.

"சின்னனிலை தொடக்கம்."

"ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

வங்கிக்காரி முதல் தடவையாக அவனை நேரே பார்த்தாள். "எனக்கும் உது பெரிய விருப்பமில்லை. நான் இஞ்சை வாறது உறைப்பான றோல்ஸுக்கு," என்றாள். அவன் கையைத் தூக்கிப் பரிசாரகரைக் கூப்பிட்டு றோல்ஸும் தேத்தண்ணியும் சொன்னான். அவன் முன்னால் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிறீமை ஐயா மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சோடி அந்தத் தாளைக் கிழிக்கவேண்டும் என்றாள். கலியாணப் பேச்சு என்று நினைத்துச் சொன்ன பதில்களை ஆய்வில் போடுவது களவு எடுப்பதற்குச் சமம் என்றாள். எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல பதில்கள் அவைதான் என்றேன் நான். சண்டை வந்தது. அடுத்த நாள் முழுக்க நாங்கள் நேரே கதைக்கவில்லை. அவள் எனக்குச் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் அம்மாவிடம் சொல்லுவாள். அம்மா ஒரு சொல்லும் விளங்காமல், "ஓம் பிள்ளை, நீ சொல்லுறதுதான் சரி," என்பார். கடைசியில் அப்பாதான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அந்த ஆக்களிட்டையே போய்க் கேக்கலாமே," என்றார். அது எங்கள் இருவருக்கும் தோன்றாமல் போனதுதான் அதிசயம்.

முதலாளி மூலம் போன் இலக்கம் எடுத்து, அனுமதி கேட்டு, வல்வெட்டித்துறைக்கு பஸ் ஏறினோம். இந்த முறை சாறி கட்டவில்லை. வீடு கடற்கரைக்குக் கிட்ட. முற்றத்திலிருந்தே கடல் தெரிந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன கேக்கப் போறியள்?"

விசயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் கொஞ்சம் கோபம் இருந்தது. என் பக்கம் பாராமல் சோடியிடமே தேத்தண்ணியையும் உழுந்து வடையையும் நீட்டினார். சோடி மூன்றாவது வடையோடு, "காணும்," என்றாள். அவருக்கும் எங்கள் அம்மாவைப் போலவே அந்தச் சொல் கேட்கவில்லை. நாலாவது வடையை வைக்கும்போது கோபம் இறங்கியிருந்தது.

"என்ரை பதிலைப் போடலாம், மகனும் ஓமெண்டு சொல்லியிட்டார்," என்றார். "ஆனா அந்த ஆர் தீர்மானிக்கிறது எண்ட கேள்விக்கு, ரண்டு பேரும் எண்டு மாத்தி எழுதவேணும்."

உள்ளே அறையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "முதல் எழுதினது சரி."

"நீங்கள் கதையாதையுங்கோ," என்றார் அந்த அம்மா. சோடிக்கு மொழிபெயர்த்தேன். அவள், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பதிலும் வந்ததாகக் குறிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்கு அந்த வீட்டில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது படலைவரை வந்து, "சாதகம் பொருந்துது," என்று மெல்லச் சொன்னார். பிறகு, "நீரும் குறையில்லை. ஆனா நாங்கள் உம்மை விசாரிக்க வந்தா, நீர் எங்களை விசாரிச்சுப் போட்டீர்," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஆய்வை எழுதி அனுப்பினோம். பின்லாந்தில் ஐஸ்கிறீம் வீட்டுக்கு வாங்கி, தனியாக, ஆசைக்குத் தின்கிற பொருள். யாழ்ப்பாணத்தில் அது நாலு பேர் கூடி இருப்பதற்கு ஒரு சாட்டு. வாங்குகிறவருக்கு அது பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இதுதான் எங்கள் முடிவு. இரண்டு விரிவுரையாளர்களும் வீடியோவில் கூடி எங்களை விசாரித்தார்கள். எங்கள் பக்கத்தவர், அந்த ஐஸ்கிறீம் கடைச் சம்பவத்தை முழுதாக வெட்டவேண்டும், அது பொருளியல் இல்லை என்றார். அவர்கள் பக்கத்தவர், அது ஒன்றுதான் இதில் பொருளியல் என்றார். இணைப்பு மந்தமாக இருந்ததால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிந்திப் போனது. இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் மன்னிப்புக் கேட்டு, இருவரும் மற்றவர் கதைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.  எங்கள் பக்கத்தவர் புள்ளியைக் குறையப் போட்டார், அவர்கள் பக்கத்தவர் கூடப் போட்டார். கூட்டி இரண்டால் பிரித்தார்கள்.

ஆவணி முடிய நான் பின்லாந்துக்குப் போனேன். ஐப்பசியில் அரியாலை வீட்டுக்குக் கலியாணக் கார்ட் வந்ததாம். எங்களுக்குப் பதிலாக அம்மாவும் அப்பாவும் போனார்கள். தாலி கட்டி முடிந்து ஆட்கள் பந்திக்குப் போகிற நேரம், அம்மா மண்டபத்துக்குள் நின்று வீடியோவில் என்னைக் கூப்பிட்டார். நானும் சோடியும் நூலகத்துக்கு வெளியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் காது இரண்டும் விறைத்திருந்தன. அம்மா கறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள்ளால் நடந்து, போனை நேரே மணமகளின் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார். நெற்றிப்பட்டமும் மாலையும் பாரமாக இருந்திருக்கவேண்டும். கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தாள்.

"ஆய்வுக்கு எவ்வளவு மாக்ஸ்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"குறைச்சுப் போட்டினம்," என்றாள். அதற்குள் படம் எடுக்கிறவர், "பொம்பிளை, இஞ்சாலை பாருங்கோ," என்று கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.